புது ஆசிரியர் எல்லாரும் ஒப்பந்தமா? இல்லை

பினாங்கு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "2024 பிப்ரவரிக்குப் பிறகு சேர்ந்த ஆசிரியர் எல்லாரும் ஒப்பந்த ஊழியர்தான். பழையவர்களின் பென்ஷனும் போகப்போகிறது." இரண்டுமே தவறு.

2024 பிப்ரவரி 1 முதல் நிரந்தர அரசுப் பணியில் புதிதாகச் சேருவோருக்குப் பென்ஷனுக்குப் பதில் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) என்று மலேசிய அரசாங்கம் அறிவித்தது உண்மை. அதனால் வேலை நிரந்தரமில்லை என்றாகிவிடாது. பட்டர்வொர்த்தில் எனக்குத் தெரிந்த தங்கச்சி ஒருவரின் நியமனக் கடிதத்தில் 'தெத்தாப்' (மலாயில் 'நிரந்தரம்') என்றுதான் இருக்கிறது. தகுதிகாண் காலம் 1 முதல் 3 ஆண்டு, அப்புறம் பணி உறுதி. ஒப்பந்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள், ஆனால் அது தனி நியமனம். குழப்பமே இங்கேதான். முன்பே பென்ஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மாற்றமில்லை.

சந்தேகமா? எஸ்பிபி (கல்விச் சேவை ஆணையம்), ஜேபிஏ (பொதுச் சேவைத் துறை) இணையத்தளங்களைப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.