டிஎன்ஏயை மாற்றுவது நானோ துகள் அல்ல

"நானோ துகளில் ஏற்றிய எம்ஆர்என்ஏ கருவுக்குள் நுழைந்து டிஎன்ஏயை மாற்றிவிடும்" என்று நீங்கள் எழுதியது பிழை, தம்பி. எம்ஆர்என்ஏ என்பது புரதம் செய்வதற்கான கட்டளைப் பிரதி; கரு என்பது கலத்துக்குள் டிஎன்ஏ இருக்கும் இடம். திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளைகளும் இதை வாசிக்கிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

எம்ஆர்என்ஏயைச் சுமக்கும் இலிப்பிட்டு (கொழுப்பு) நானோ துகளின் விட்டம் ஏறக்குறைய 80–100 நானோமீற்றர். கலம் அதை விழுங்கி எண்டோசோம் என்ற பைக்குள் அடைக்கிறது. உள்ளே அமிலம் கூடக்கூட துகளின் இலிப்பிட்டு நேரேற்றம் பெற்று, பையின் மென்சவ்வோடு ஒட்டி அதைக் குலைக்கிறது. அப்படியும் மிகச் சொற்பமே குழியவுருவுக்கு, அதாவது கருவுக்கு வெளியே உள்ள கலப் பகுதிக்கு, தப்பி வருகிறது. மிச்சம் பைக்குள்ளேயே சிதைந்துபோகும். வந்த எம்ஆர்என்ஏயை, புரதம் செய்யும் இறைபோசோம் அங்கேயே வாசிக்கிறது. கருவுக்குப் போகத் தேவையே இல்லை.

ஏற்றியது பிளாஸ்மிட் டிஎன்ஏ (வட்ட வடிவச் சிறு டிஎன்ஏ) என்றால் கருவுக்குள் போயே ஆகவேண்டும். பிரியாத கலங்களில் கருவுறை விடாது. தட்டில் வளர்த்த கலத்தில் அழகாக ஒளிரும் பரம்பரையலகு ஈரலில் வேலை செய்யாமல் படுத்துவிடுவதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

ஏற்றியது கிறிஸ்பர் போன்ற, டிஎன்ஏயைத் திருத்தும் கருவியின் எம்ஆர்என்ஏ என்றால் டிஎன்ஏ உண்மையிலேயே மாறும். 2025இல் பிலடெல்பியாவில் ஒரு குழந்தைக்கு அப்படித்தான் கொடுத்தார்கள்.

இந்தத் துகள்களை "உறையவைத்தால் கெடாது" என்று நீங்கள் சொன்னதும் அரைகுறை. சுக்குரோசு போன்ற பாதுகாப்பான் இல்லாமல் உறைந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். நம் ஊர் வெக்கையில் மின்சாரம் போய் உருகிக் கிடந்தால் எம்ஆர்என்ஏயும் துண்டு துண்டாகும்.