ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங் உச்சிக்கு கேபிள் கார் கிடையாது

'பிரான்சின் ஷமோனியில் கேபிள் கார் ஏறினால் 20 நிமிடத்தில் மோன் பிளாங் உச்சி' என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

1955-இல் திறக்கப்பட்ட அந்த கேபிள் கார் போவது பக்கத்தில் இருக்கும் எகுய் டு மிடி என்ற சிகரத்துக்கு. நடுவில் ஒருமுறை வண்டி மாற வேண்டும். மேலே லிஃப்டில் ஏறினால் 3,842 மீட்டரில் ஒரு மேடை. பதிவோடு வரும் கண்ணாடிக் கூண்டுப் படமும் இங்கே எடுத்ததுதான். மோன் பிளாங்கின் உயரமோ 2023 அளவீட்டின்படி 4,805 மீட்டர். மேடையிலிருந்து அதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். உச்சிக்குப் போக பனியில் ஏறத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், ஷமோனி இருப்பது 1,035 மீட்டரில். இவ்வளவு வேகமாக மேலே போனால் சிலருக்குத் தலை சுற்றும், மூச்சு வாங்கும். கோடையிலும் ஸ்வெட்டர் அவசியம்.