சொதியும் புகையுணரியும்

ஜெர்மனிக்குப் படிக்கப் போற பிள்ளைகளுக்குக் கைகுலுக்கல், நேரம் தவறாமைன்னு ஒரு கட்டுரை ஆலோசனை சொன்னது சரிதான். அடுப்படி விட்டுப்போச்சே! ஒற்றை அறை வீட்டில் சொதிக்கு (தேங்காய்ப்பால் குழம்பு) தாளிக்கையில் எண்ணெய் புகைஞ்சால் புகையுணரி அலறும். தீயைக் குறைச்சு, கடுகு போட்டதும் மூடிடுங்க. சோறு கொதிக்கும் ஆவி குளிர்ந்த சுவரில் படிஞ்சு பூஞ்சை பிடிக்கும். வாடகை முன்பணத்துக்கே வேட்டு. அந்த ஆவி வெளியே போக, பனிக்காலத்திலும் 5 நிமிஷம் ஜன்னலை முழுசாத் திறக்கணும். நாள் பூரா ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் லேசாச் சாய்ச்சு வைச்சால் சுவர்தான் இன்னும் குளிரும்.

மிக்ஸி? பொதுவா ராத்திரி 10 முதல் காலை 6 வரை அந்தச் சத்தம் கூடாது, ஞாயிறு பகலிலும் தவிர்க்கிறது நல்லது. தேங்காய்ப்பால் சனிக்கிழமையே எடுத்திருங்க. ஞாயிறு பெரும்பாலும் கடையும் கிடையாது. 25 சென்ட் முன்பணம் உள்ள பிளாஸ்டிக் பாட்டிலை நசுக்கிடாதீங்க, காலி பாட்டிலை வாங்கிக்கிட்டு அந்தப் பணத்தைத் திருப்பித் தர்ற எந்திரம் அதை ஏத்துக்காமல் தள்ளிரும்.