ஊட்டிக் குளிரில் சன்ஸ்கிரீன் வேண்டாமா?

"மலையில் வெயிலே இல்லை, சன்ஸ்கிரீன் வீண் செலவு. நாற்பதைத் தாண்டியவர்கள் ராத்திரி முகத்தில் நீலகிரித் தைலம் தேய்த்தாலே சுருக்கம் போய்விடும்" என்று ஊட்டி, குன்னூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். குளிரில் சுடுவது தெரிவதில்லை, அவ்வளவுதான். மெல்லிய மேகம் மூடியிருந்தாலும் கதிரில் பெரும்பகுதி கீழே வந்துவிடும். கொழுந்து பறிக்கும் அக்காக்கள் சிலரின் கன்னத்து மேட்டில் கருந்திட்டு படர்ந்திருக்கும். மங்கு என்போமே, அதை வெயில் இன்னும் மோசமாக்கும்.

தைலத்தை அப்படியே முகத்தில் தேய்த்தால் எரிச்சலும் தடிப்பும் வரலாம். கண்ணருகே வேண்டவே வேண்டாம்.

செய்யவேண்டியதற்குப் பெரிய செலவில்லை. மிதமான சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோல் இன்னும் வறளும். ஈரம் காயும் முன்னே மாய்ஸ்சரைசர். பரு வராத தோலுக்கு ராத்திரியில் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியே போதும். காலையில் எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30 உள்ள சன்ஸ்கிரீன், வெளிவேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். அப்புறம், மச்சம் உருமாறினாலோ புண் ஆறாமல் நின்றாலோ தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.