எண்ணெய் விலை இறங்கினால் யாருக்கு லாபம்?

ஹோட்டலில் இரண்டு இட்லி சாப்பிட்டால்கூட சிஜிஎஸ்டி இவ்வளவு, எஸ்ஜிஎஸ்டி இவ்வளவு என்று பைசா சுத்தமாக பில் வருகிறது. பெட்ரோல் பங்கில் தரும் துண்டுச்சீட்டைப் பாருங்கள். லிட்டர் விலை, எத்தனை லிட்டர், மொத்தத் தொகை, கீழே ‘நன்றி, மீண்டும் வருக’. வரி என்ற பேச்சே கிடையாது. எவ்வளவு பிடுங்குகிறோம் என்று தெரிந்தால் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு நடந்துவிடுவோம் என்ற பயமோ என்னவோ!

கேட்டால் ஒரே பதில்தான். “கச்சா எண்ணெய் ஏறிப்போச்சு, உலகச் சந்தை, நம்ம கையில என்ன இருக்கு?” சரி, ஏறும்போது உலகச் சந்தை. இறங்கும்போது? 2014 கடைசியில் எண்ணெய் விலை சரிந்ததே, அப்போது என்ன செய்தார்கள்? 2016 ஜனவரிக்குள், பெட்ரோல் மேல் மத்திய அரசு போடும் கலால் வரியை ஒன்பது முறை ஏற்றினார்கள். லிட்டருக்கு 9.48 ரூபாயாக இருந்தது 21.48 ஆனது.

கொரோனா காலம் இன்னும் கொடுமை. 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையில் எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. அடுத்த மாதமே பெட்ரோலுக்கு லிட்டருக்குப் பத்து ரூபாய் வரியை ஏற்றி, மொத்தத்தை 32.98 ரூபாயாக்கினார்கள். ‘பங்க் விலை மாறவில்லையே’ என்று சமாதானம் வேறு. நமக்குக் குறைய வேண்டியதை நடுவழியிலேயே பிடித்துக்கொண்டால் எப்படி மாறும்? ஜூனில் எண்ணெய் ஏறியபோது மட்டும், அந்த ஏற்றம் தினமும் காலை ஆறு மணிக்குத் தவறாமல் நம் தலையில் வந்து விழுந்தது.

இந்த ஆறு மணி கணக்கும் ஒரு கூத்துதான். சந்தை நிலவரப்படி விலை தினமும் மாறும் என்று 2017 ஜூனில் கொண்டு வந்தார்கள். ஆனால் 2021 நவம்பரிலிருந்து நான்கரை மாதம் விலை அசையவே இல்லை. இடையில் எண்ணெய் நூறு டாலரைத் தாண்டியது, அப்போதும் அசையவில்லை. ஐந்து மாநிலங்களில் தேர்தல் அல்லவா! 2022 மார்ச் 10 அன்று முடிவு வந்தது, 22ஆம் தேதி விலை ஏற ஆரம்பித்தது. சந்தைக்கும் தேர்தல் தேதி தெரியும் போல.

மாநில அரசு மட்டும் என்ன யோக்கியம்? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மூன்று ரூபாய் குறைத்தார்கள், மறுக்கவில்லை. குறைத்த பிறகும் வாட் என்ற மாநில விற்பனை வரி 13 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 11.52 ரூபாய். அந்த 13 சதவீதமும் கலால் வரியைச் சேர்த்த தொகைக்குத்தான். அதாவது, வரிக்கு வரி!

மத்திய அரசு தங்களுக்குப் பங்கு தருவதில்லை என்று மாநிலங்கள் புலம்புவதிலும் நியாயம் இருக்கிறது. 2022 மே மாதம் மத்திய அரசு வரியைக் குறைத்த பிறகு அது லிட்டருக்கு 19.90 ரூபாயாக இருந்தது. அதில் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படைக் கலால் வெறும் 1.40. மிச்சமெல்லாம் குறிப்பிட்ட செலவுக்கென்று வசூலிக்கும் செஸ், கூடுதல் வரி என்று பெயர் மாற்றி வைத்தது. அதிலே சாலைக்கென்று மட்டும் ஐந்து ரூபாய். வண்டி வாங்கும்போதே சாலை வரி கட்டியாகிவிட்டது, கார் எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனால் டோல். ஒரே சாலைக்கு எத்தனை தடவைதான் அழுவது?

எப்போதும் அடித்துக்கொள்ளும் இந்த இரண்டு தரப்புக்கும் ஒரே ஒரு விஷயத்தில் அப்படி ஒரு ஒற்றுமை: பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் விடக் கூடாது. 2021 செப்டம்பரில் லக்னோவில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடியது, இதற்கு நேரம் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். எப்படி வரும்? அன்றைய உச்ச வரியான 28 சதவீதத்தைப் போட்டிருந்தால்கூட, நம்மிடம் அன்று வாங்கிக்கொண்டிருந்ததில் பாதி தேறியிருக்காது.