மெதுவாகப் போகும் படகில் லைஃப் ஜாக்கெட் வேண்டாமா?

"ஏரியில் ஆபத்து ஸ்பீட் போட்டில்தான். மெதுவாகப் போகும் படகில் லைஃப் ஜாக்கெட் தேவையே இல்லை" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பங்கள் இதை நம்பிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

2009 செப்டம்பர் 30, தேக்கடி. பெரியார் ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. படகு வேகமாகப் போகவில்லை. கரையில் விலங்குகளைப் பார்க்கப் பலர் ஒரே பக்கம் நகர்ந்ததும் படகு சாய்ந்தது. மேல்தளத்தில் ஆட்கள் இருந்தால் பாரம் உயரத்தில் நிற்கும், படகு சீக்கிரம் சாயும். கவிழ்ந்த பிறகு ஜாக்கெட்டைத் தேட யாருக்கு நேரம் இருக்கிறது?

சரி, வேகக் கட்டுப்பாடு வீணா? இல்லை. படகுக்கு பிரேக் கிடையாது. அமெரிக்காவின் வின்னிபெசாக்கி ஏரியில் நீண்ட விவாதத்துக்குப் பிறகு பகலில் மணிக்கு 45 மைல், இரவில் அதைவிடக் குறைவு என்று வரம்பு வைத்தார்கள். ஆனால் அந்த நாட்டிலேயே படகு விபத்துகளில் மூழ்கி இறப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேராவது ஜாக்கெட் அணியாதவர்கள்.

ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், பக்கிளை மாட்டுங்கள். அப்புறம் குழந்தை போட்டிருக்கும் ஜாக்கெட்டைத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது பெரிய அளவு. சின்னதாகக் கேட்டு வாங்குங்கள்.