ஓக்லாந்து வீரர்களின் மீசை: உண்மை விளக்கம்
1972, 1973, 1974 என அடுத்தடுத்து மூன்று முறை அமெரிக்க பேஸ்பால் உலகத் தொடரை வென்ற ஓக்லாந்து அத்லெடிக்ஸ் வீரர்கள், அணி உரிமையாளர் சார்லி ஃபின்லியை எதிர்த்தே மீசை வளர்த்தார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவி வருகிறது. இது தவறு. முதலில் மீசையோடு வந்தவர் அணி வீரர் ரெஜி ஜாக்சன் என்றாலும், 1972 தந்தையர் தினத்துக்குள் மீசை வளர்ப்பவர்களுக்குத் தலா 300 டாலர் தருவதாகச் சொல்லி, அதையே விளம்பரமாக்கியவர் ஃபின்லிதான். இன்னொரு வீரரான ரோலி ஃபிங்கர்ஸின் புகழ்பெற்ற முறுக்கு மீசையும் அப்போது முளைத்ததே.

அந்த வீரர்கள் சண்டைக்காரர்கள் என்று அச்செய்தி சொல்வது மட்டும் மெய். 1974இல் உடைமாற்றும் அறையில் ஜாக்சனும் சக வீரர் பில் நார்த்தும் கைகலந்தபோது, விலக்கிவிடப் போன கேட்சர் (எறியப்படும் பந்தைப் பிடிப்பவர்) ரே ஃபாஸிக்குத்தான், பாவம், கழுத்தில் பலத்த காயம் ஏற்பட்டது. இவற்றை அக்கால நாளிதழ்களிலும் அமெரிக்க பேஸ்பால் ஆய்வுக் கழகத்தின் கட்டுரைகளிலும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை மேற்கொண்டு பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.